பன்னிரண்டரைச் சங்கு

நவமணிக்கு மனிதர்களைவிடக் கடிகாரங்கள் மேல்தான் சந்தேகம் அதிகம். நம் வீடுகளில் சுவர்க் கடிகாரத்தை யார் சரியாக வைத்திருக்கிறார்கள்? பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று பத்து நிமிடம் கூட்டி வைப்பார்கள். பிறகு, பத்து நிமிடம் கூடுதல்தானே என்று சாவகாசமாகப் புறப்பட்டுப் பஸ்ஸைத் தவறவிடுவார்கள். அந்தக் கடிகாரத்தை நம்பி ஒரு உயிர் போன நேரத்தைச் சொன்னால் எப்படி ஒப்புக்கொள்வது?

வெள்ளைத்திடல் பின்னொளி அலுவலகத்தில் அவள் நேரக் கணிப்பாளர். பதினான்கு வருடத்துக்கு முன்னால் கணவனையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர்கள் அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுவார்கள். அழுது முடியும்வரை காத்திருந்துவிட்டு, "எந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்றீங்க?" என்று கேட்பாள். ஒரு அப்பா, "ராகு காலம் முடியட்டும்னு வாசல்லயே நின்னான்மா, முடிஞ்சதும்தான் கிளம்பினான்" என்று சொன்னதிலிருந்து ஒரு லாரி விபத்தை நிமிடம் தப்பாமல் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். ஊரில் அவளுக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பெயர். அதைப் பற்றி அவள் அலட்டிக்கொண்டதில்லை.

இசக்கியம்மாள் வந்தது மே மாதத்தில். ஐம்பது வயதிருக்கும். உப்பளத்தில் வெயில் தின்ற முகம். அவளுடைய விண்ணப்பத்தை மாநிலக் குழு ஐந்தாம் முறையில் ஏற்றுக்கொண்டிருந்தது. வந்ததும் வராததுமாக நவமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சங்குக்கார அண்ணாச்சி மவதான? அப்ப எனக்குக் கவலை இல்ல. அந்தக் கண்ணாடியில அவிய தெரிவாவளா தாயி?"

இந்தக் கேள்விக்கு நவமணி தினமும் பதில் சொல்கிறாள். முன்பு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள் என்பதால் சுருக்கமாகச் சொல்ல வரும்.

"வெளியில சூரியன் தெரியுதுல்லக்கா, அது இப்ப உள்ள சூரியன் இல்ல. எட்டு நிமிஷத்துக்கு முந்தினது. வெளிச்சம் அங்கேருந்து கிளம்பி இங்க வந்து சேர அவ்வளவு நேரமாகும். அதே மாதிரி, நம்ம ஊர் மேல படுற வெயில் தெறிச்சு மேல போகும். போய்க்கிட்டே இருக்கும். ஏழு வருஷம் அப்படியே போனா, அங்க கண்ணாடி மாதிரி ஒண்ணு நிக்கி. யாரு வச்சதோ, தானா உண்டானதோ, யாருக்கும் தெரியல. அதுல பட்டுத் திரும்பி வர இன்னொரு ஏழு வருஷம். இன்னைக்கு அதைப் பாத்தா, பதினாலு வருஷத்துக்கு முந்தின நம்ம ஊரு தெரியும்."

இசக்கியம்மாள் சற்று யோசித்தாள். "அப்ப அன்னைக்கு நடந்தது இன்னும் நடந்துகிட்டுதான் இருக்கா?"

"நடந்து முடிஞ்சிட்டு. ஆனா இன்னும் வந்து சேரல."

"வரும்போது பாத்துக்கிடலாம்."

"ஒரே ஒரு தடவைதான்க்கா பாக்க முடியும். வந்து நம்மளத் தாண்டிப் போயிட்டா போனதுதான். மேல சுத்துற தொலைநோக்கி ஒரு நேரத்துல நாலு ஏக்கரைத்தான் பாக்கும். நாடு பூரா வரிசையில நிக்காங்க. உங்களுக்குத் தொண்ணூறு நொடி குடுத்திருக்காங்க. அந்தத் தொண்ணூறு நொடி எதுன்னு நான் சொல்லணும்."

அந்த வரிசையில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. கண்ணாடி இருக்கும் திசை அப்படி. மே முதல் ஜூலை வரைதான் நம் பகல் அதன் பக்கம் திரும்பியிருக்கும். மார்கழியில் அது பார்ப்பது நம் இரவைத்தான். ஆகவே மார்கழியில் காணாமல் போனவர்களுக்கு நீதி கிடையாது. மேகத்துக்கு அடியில் செத்தவர்களுக்கும், கூரைக்கு அடியில் கொல்லப்பட்டவர்களுக்கும் கிடையாது. கண்ணாடி கண்டுபிடிக்கப்பட்ட இந்த ஒன்பது வருடத்தில் ரவுடிகள்கூடப் புத்திசாலிகளாகிவிட்டார்கள். இப்போதெல்லாம் வெட்டு குத்து எல்லாம் கொட்டகைக்குள்தான். வெட்டவெளியில் ஒருவன் இன்னொருவனை அறைவதைப் பார்த்தே நாளாகிறது. ஆனால் பதினான்கு வருடத்துக்கு முந்தின அயோக்கியர்களுக்கு வானம் பார்த்துக்கொண்டிருப்பது தெரியாது. அவர்கள் தைரியமாக வெயிலில் செய்தார்கள்.

தவசிமுத்து காணாமல் போனதும் வெயிலில்தான். பெரிய அளத்தில் அவன் தொழிலாளர் சங்கத் தலைவன். கண் எரிச்சலுக்கு மருந்தும், குடிக்க நல்ல தண்ணீரும் கேட்டு நடந்த வேலைநிறுத்தம் முடிந்து எல்லாரும் வேலைக்குத் திரும்பிய மறுவாரம், ஜூன் ஒன்பதாம் தேதி, சாப்பாட்டு நேரத்தில் ஆளைக் காணவில்லை. அவன் ஒருத்தியோடு கப்பலேறிவிட்டான் என்று கம்பெனி சொன்னது. போலீசும் அதையே எழுதிக்கொண்டது. ஊர் அதை நம்பியது. ஏனென்றால் நம்புவதற்கு அதுதான் சுவையாக இருந்தது. இசக்கியம்மாளின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், ஓடிப்போனவன் வீடு என்று வாசலோடு திரும்பினார்கள். மகள் இப்போது எங்கோ வெளியூரில் இருக்கிறாள், கடிதம்கூடப் போடுவதில்லை.

"ஒரே ஒரு காரியந்தான் எனக்கு வேணும்," என்றாள் இசக்கியம்மாள். "அவிய ஓடிப்போவலன்னு நாலு பேரு கண்ணால பாக்கணும். அவியளக் கொன்னதப் பாத்தாலும் சரி. ஓடிப்போவலன்னு தெரிஞ்சாப் போதும்."

நவமணி பேனாவை எடுத்தாள். "எந்தக் கடிகாரம்?"

"கடிகாரம் ஏது? சங்குதான்."

பெரிய அளத்தின் சங்கு எட்டு கிலோமீட்டருக்குக் கேட்கும். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுச் சங்கு. ஊரில் கடிகாரம் வைத்திருந்த நாலு வீட்டுக்காரர்களும் அதைக் கேட்டுத்தான் முள்ளைத் திருப்பினார்கள். முப்பத்தோரு வருடம் அந்தச் சங்கை ஊதியவர் நவமணியின் அப்பா அரியமுத்து.

இசக்கியம்மாள் சொன்னது இவ்வளவுதான். அன்று அவளும் புருஷனும் ஒரே பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். சங்கு ஊதியது. மேனேஜர் பேச வரச் சொன்னதாகவும், தான் உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில் நிற்பதாகவும் சொல்லி, தவசிமுத்து அவளை முன்னால் போகச் சொன்னான். அவள் மற்றவர்களோடு கொட்டகைக்கு நடந்தாள். கை கழுவி, தூக்குவாளியைத் திறக்கும்போது டிராக்டர் சத்தம் கேட்டது. சாப்பாட்டு நேரத்தில் டிராக்டர் ஓடாதே என்று நினைத்தாள். திரும்பி வந்து பார்த்தபோது புருஷனும் இல்லை, டிராக்டரும் இல்லை. அம்பாரம் மட்டும் ஒரு பக்கம் சரிந்திருந்தது.

நவமணி அவளைப் பழைய அளத்துக்கே அழைத்துப் போனாள். அளம் மூடி ஆறு வருடமாகிறது. அன்று நடந்த மாதிரியே நடக்கச் சொல்லி, கை கழுவச் சொல்லி, வாளியைத் திறக்கச் சொல்லி, மூன்று முறை நேரம் பார்த்தாள். மூன்று முறையும் ஏழு நிமிடத்துக்குச் சில நொடிகள் முன்னே பின்னே. மூன்றாம் முறை வாளியைத் திறந்த இசக்கியம்மாள் அதற்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

பன்னிரண்டு முப்பத்தேழு. கோப்பில் பென்சிலால் எழுதினாள்.

இயக்குநர் பத்மநாபன் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். ஓய்வுக்கு இரண்டு வருடம் வைத்திருக்கும் மனிதர், எதற்கும் பதறமாட்டார். "நிமிஷத்துல சந்தேகம் ஒண்ணும் இல்லையேம்மா? ஒளிச் சாட்சியச் சட்டம் தெரியும்ல? ஒரு தடவை பார்த்துட்டோம்னா அந்த ஒரு மணி நேரத்துக்கு வேற எவன் சாட்சியும் செல்லாது. நாளைக்கு ஒருத்தன் வந்து நான்தான் கொன்னேன்னு கோர்ட்ல நின்னு கதறினாலும், ஒளியில தெரிஞ்சுதான்னுதான் ஜட்ஜ் கேப்பார்."

"தெரியும் சார்."

மனிதக் கண்ணும் நாக்கும் விலைபோகக்கூடியவை, ஒளி விலைபோகாது என்று வாதாடித்தான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். நவமணியும் அன்று கைதட்டியவள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு முடிந்து, அப்பாவின் சக்கர நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளினாள். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து மூன்று வருடமாக அவருக்கு அந்த நாற்காலிதான் உலகம். அம்மா போனபிறகு அவளுக்கும் அவரை விட்டால் யாருமில்லை.

"ஏட்டி, இசக்கி கேசு உங்கிட்டயா வந்திருக்கு?" என்றார்.

"ஆமாப்பா. ஏன்?"

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அம்மா செத்தபோதும் அழாத மனிதர் அழுதார்.

"அன்னைக்கு நான் சங்க முன்னாடியே ஊதிட்டேன்மா."

நவமணி கேட்டது மகள் கேட்கிற கேள்வியாக இல்லை. "எத்தனை நிமிஷம்?"

"பன்னெண்டு. மேனேஜர் ஆள் அனுப்பினான். பாத்திய சீக்கிரம் காலி பண்ணணும், பன்னெண்டு பதினெட்டுக்கே ஊதுன்னான். எதுக்குன்னு நான் கேக்கல. என்ன நடக்கப்போவுதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஊதுனேன், கீழ எறங்கி வீட்டுக்கு வந்துட்டேன். நான் செஞ்ச தப்பு அது ஒண்ணுதான்."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"சொல்ல வாய் வரல. இப்ப நீ தப்பான நிமிஷத்த எழுதிட்டு, அந்தப் பொம்பள வெறும் உப்பப் பாத்துட்டுப் போனா, அந்தப் பாவமும் உந்தலையில சேரும்லா. அதான்."

அடுத்த இரண்டு நாள் நவமணிக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும், அப்பா தப்பித்துவிடுவார். கோப்பில் பன்னிரண்டு முப்பத்தேழு என்று ஏற்கனவே இருக்கிறது. தொலைநோக்கி பன்னிரண்டு நிமிடம் தாமதமாகப் பார்க்கும், சரிந்த அம்பாரத்தைக் காட்டும், மூடிவிடும். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. நேரத்தைத் திருத்தினால் கொலை தெரியும். கொலை தெரிந்தால், சங்கு ஏன் முன்னால் ஊதியது, ஊதியவன் யார் என்ற விசாரணை வாசலுக்கு வரும். எழுபத்திரண்டு வயதில், சக்கர நாற்காலியில், அவரைக் கூண்டில் ஏற்றுவார்கள்.

அளத்தில் வேலை செய்த இரண்டு பேரைத் தேடிப்போய், "அன்னைக்குச் சங்கு கொஞ்சம் சீக்கிரம் ஊதிச்சா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் ஆமாமென்றார்கள். ஒருவர், அன்றே அதைப் பற்றிப் பேசிக்கொண்டோம் என்றுகூடச் சொன்னார். சீக்கிரமா என்று கேட்டால் சீக்கிரம் என்பார்கள், தாமதமா என்று கேட்டால் தாமதம் என்பார்கள். பதினான்கு வருடத்து ஞாபகத்தின் லட்சணம் அவ்வளவுதான். ஒன்பது வருடமாக இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்னவள் அவள். அப்படியும் அந்தக் கேள்வியை அப்படித்தான் கேட்டாள்.

மூன்றாம் நாள் பென்சில் எழுத்தை அழித்தாள். பன்னிரண்டு இருபத்தைந்து என்று மையால் எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில், "சங்கு இயந்திரத்தில் நேரப் பிழை" என்று போட்டாள். அப்பா பெயர் வராமலிருக்க அவளால் செய்ய முடிந்தது அந்த ஒரு பொய்தான். தன் வாழ்க்கையிலேயே மிக நேர்மையான காரியத்தைச் செய்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். அவர் அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"நீ அப்படித்தான் செய்வேன்னு எனக்குத் தெரியும்," என்றார்.

கண்ணாடிக்குப் போய்த் திரும்பும் ஒளிக்குப் பதினான்கு வருடமும் ஒரு நாளும் ஆகிறது. மணி, நிமிடம் மட்டும் அச்சாக ஒத்துப்போகும். இதைத் தெய்வச் செயல் என்று சொல்லிக் கோயில் கட்டியவர்கள்கூட உண்டு. நவமணி தற்செயல் என்பாள். ஜூன் பத்தாம் தேதி, பகல் பன்னிரண்டே கால். அலுவலகத்தின் திரையறையில் இசக்கியம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். புதுச்சேலையின் மடிப்புகூடக் கலையவில்லை. பத்மநாபன், கம்பெனியின் வக்கீல் ஒருவர், ஒரு போலீஸ்காரர், நவமணி. வெளியே மேகமே இல்லாத வானம். அன்றும் அப்படித்தான் இருந்தது என்று வானிலைப் பதிவு சொன்னது.

"பயமா இருக்காக்கா?" என்று நவமணி கேட்டாள்.

"பதினாலு வருஷமா மனசுக்குள்ள பாத்ததுதான தாயி. இனிமே என்ன பயம்?"

பன்னிரண்டு இருபத்தைந்து. திரை வெளுத்தது. உப்பின் வெள்ளையா, படத்தின் வெள்ளையா என்று முதலில் தெரியவில்லை. மெல்ல மெல்ல வரப்புகள் கோடு கோடாக எழுந்து வந்தன. மேலிருந்து சற்றுச் சாய்ந்த பார்வை. சிறு சிறு ஆட்கள், ஒவ்வொருவர் காலடியிலும் தெற்கே விழுந்த குட்டை நிழல். இருபது பேர், முப்பது பேர். எல்லாரும் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

நவமணிக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பாத்திகள் காலியாக அல்லவா இருக்க வேண்டும்? பன்னிரண்டு பதினெட்டுக்கே சங்கு ஊதி, எல்லாரும் ஏழு நிமிடம் முன்பே கொட்டகைக்குப் போயிருக்க வேண்டுமே?

"அவிய!" இசக்கியம்மாள் எழுந்துவிட்டாள். "அந்தா, சேப்புத் துண்டு! அம்பாரத்துக்கு இங்கிட்டு, மூணாம் பாத்தியில! அவியதான்! ஏ ராசா!"

சிவப்புப் புள்ளி ஒன்று நிமிர்ந்து, முதுகைப் பின்னால் வளைத்து நெட்டி முறித்தது. பக்கத்தில் பச்சைப் புள்ளி ஒன்று நின்று அதற்கு எதையோ நீட்டியது.

"அது நான்," என்றாள் இசக்கியம்மாள். குரல் குழந்தைக் குரலாகிவிட்டது. "பச்சச் சேல. தண்ணி குடுக்குதேன் பாரு. அவிய குடிச்சிட்டு எம்மேல மிச்சத்தத் தெளிச்சாவ, இப்பம் தெளிப்பாவ பாரு."

சிவப்புப் புள்ளி கையை வீசியது. பச்சைப் புள்ளி பின்வாங்கியது. இசக்கியம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். போலீஸ்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

தொண்ணூறு நொடி முடிந்தது. திரை இருண்டது.

இசக்கியம்மாள் அவன் பக்கத்தில் நிற்கிறாள் என்றால் சங்கு இன்னும் ஊதவில்லை. அது பன்னிரண்டரைக்குத்தான் ஊதும், எல்லா நாளும் ஊதிய மாதிரி. அவன் சாவதற்கு இன்னும் பதினோரு நிமிடம் இருக்கிறது.

கட்டுப்பாட்டு மையத்துக்குப் போன் போட்டாள். "வெள்ளைத்திடலுக்கே திருப்புங்க. பன்னிரண்டு முப்பத்தேழு. தயவுசெஞ்சு."

"தொலைநோக்கி அடுத்த இடத்துக்குத் திரும்பிடுச்சு மேடம்," என்றது அந்தப் பக்கத்துக் குரல். "மலைப்பாதையில ஒரு ஸ்கூல் பஸ். இருபத்து மூணு குடும்பம் உக்காந்திருக்காங்க. அதோட, திருப்பி நிலைக்கு வர இருபது நிமிஷம் ஆகும்."

போனை வைத்தாள். பத்மநாபன் சான்றிதழுக்கு வாசகம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மேற்படி தவசிமுத்து, பன்னிரண்டு இருபத்தைந்துக்கு உயிருடனும் நலமாகவும் இருந்தது உறுதி செய்யப்படுகிறது. குற்றச்செயல் எதுவும் தென்படவில்லை." வக்கீல் அதை எழுதி வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார். நலமாக இருந்தவன் பிறகு எங்கே போனான்? கப்பலுக்குத்தான். இனி அதை மறுக்க யாராலும் முடியாது.

இசக்கியம்மாள் நவமணியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சந்தோஷம் இன்னும் முகத்தில் காயவில்லை. "மிச்சம் எப்பம் தாயி போடுவீய? இனிமேதான சங்கு ஊதணும்?"

நவமணி முந்தானையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தாள். முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள்.

வீடு இரண்டு தெரு தள்ளி. வெயில் உச்சந்தலையில் இறங்கியது. இந்த வெயிலோடு அந்த வெயிலும் சேர்ந்து இறங்கிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பை அவளால் உதற முடியவில்லை. கட்டைச் சுவர்மேல், தண்ணீர்க் குடங்கள்மேல், நிழலுக்கு ஒதுங்கிய மாடுகள்மேல் அன்றைய ஒளி விழுந்துகொண்டுதான் இருந்தது. பிடித்துப் பார்க்கத்தான் ஒரு கண்ணும் இல்லை.

அப்பா முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நாற்காலியை வெளியே தள்ளச் சொல்லியிருக்கிறார். மடியில் கைக்கடிகாரம்.

"சங்கு எப்பப்பா ஊதுனீங்க?"

அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பன்னெண்டரைக்கு. முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாளும் நான் முன்னப்பின்ன ஊதுனதில்லை. உனக்கு அது தெரியாதா?"

தெரியும். ஊருக்கே தெரியும். அப்பா அழுததும் அது எப்படி மறந்துபோனது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"எங்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"நீ உண்மையத்தான் எழுதுவ. எந்த உண்மைன்னு நான் பாத்துக்கிட்டேன்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெற்றியும் இல்லை, வெட்கமும் இல்லை. களைத்துப்போயிருந்தார். "செத்த இரு. இன்னும் ரெண்டு நிமிஷம்."

அந்த இரண்டு நிமிடமும் அவள் அங்கேயே நின்றாள். ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. நாற்காலியை நிழலுக்குத் தள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பன்னிரண்டு முப்பத்தேழு ஆயிற்று. முப்பத்தெட்டும் ஆயிற்று. அரியமுத்து கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நீளமாக மூச்சு விட்டார்.

"இனி சொல்லலாம். எவன்கிட்ட வேணாலும் சொல்லலாம். பதினாலு வருஷமா நெஞ்சுக்குள்ள கெடந்து அழுகுது, கேளு. டிராக்டர் ஓட்டுறவன் மாட்டேன்னுட்டான். மேனேஜர் என்னப் பாத்தான். நீ அப்ப ரெண்டாம் வருஷம் படிச்சிக்கிட்டிருந்த. கம்பெனி தயவுலதான் படிச்ச. நான் சங்க ஊதிட்டு எறங்கி வந்தேன். வண்டியில ஏறுனேன். அம்பாரத்தோட சேத்து அவன..." அவர் நிறுத்தி, எச்சிலை விழுங்கினார். "பெறவு பெரிய வாய்க்கால்ல விட்டுட்டாங்க. தண்ணி வத்துற நேரம். கடல் கொண்டுபோயிட்டு."

நவமணியின் முதுகுக்குப் பின்னால் கதவு கிரீச்சிட்டது. இசக்கியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். மிச்சம் எப்போது என்று கேட்கத்தான் பின்னாலேயே வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்கத் தேவையில்லாமல் அவள் முகமே சொன்னது.

அவள் கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. மெல்ல நடந்து வந்து நாற்காலிக்கு எதிரே, வெயிலில், தரையில் உட்கார்ந்தாள். புதுச்சேலையில் புழுதி ஒட்டியது.

"அண்ணாச்சி," என்றாள். "வண்டி வாரப்ப அவிய திரும்பிப் பாத்தாவளா?"

அரியமுத்து அவளைப் பார்க்க முடியாமல் தன் கையைப் பார்த்தார். சொல்லமாட்டார் என்றே நவமணி நினைத்தாள்.

"பாத்தான்," என்றார். "நாந்தான் ஓட்டிட்டு வாரேன்னு தெரிஞ்சதும் சிரிச்சான். வண்டிக்கு வழி விட்டு, அம்பாரத்த ஒட்டி ஒதுங்கி நின்னான்."

இசக்கியம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு நவமணி பக்கம் திரும்பினாள்.

"எழுதிக்கோ தாயி."

"செல்லாதுக்கா," என்றாள் நவமணி. "யார் சொன்னாலும் இனி செல்லாது. நான்தான் அதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"செல்லாட்டா போவுது. நீ எழுது."

நவமணி உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் எடுத்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் வரியில் அப்பாவின் பெயரை எழுதினாள். அடுத்த வரியில் நேரத்தை எழுதினாள்.